கழிவுப்பாகும் சாராய வடிசாலையும்
கரும்புக் குடியானவர்கள் அறியவேண்டியவை

திருவந்திபுரத்தைச் சூழ்ந்த கெடில நதிப் பாசன நிலங்களில் கரும்பு பயிரிடுவோர் பலர், கரும்பை ஆலைக்கு அனுப்பி எடைச்சீட்டைப் பெற்றதோடு தங்கள் காரியம் முடிந்ததென்று எண்ணுகின்றனர். ஆயினும் அக்கரும்புடன் வயலின் சத்தும் சேர்ந்தே போகிறது. அது எங்கே செல்கிறது, எவ்விதம் திரும்பக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மைல் தூரத்திலுள்ள நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் 1840-களில் சர்க்கரை ஆலை அமைத்தனர். 1897-ம் வருஷத்தில் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு ஷுகர் பாக்டரீஸ் என்ற கம்பெனி ஏற்பட்டது. சாராயமும் சர்க்கரையும் எவ்வளவு நெருங்கிய தொழில்கள் என்பதை இப்பெயரே காட்டும். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோதும், மருந்துக்கும் ரசாயனத் தொழில்களுக்கும் சாராயம் தேவையாகவே இருந்தது. இக்காலத்தில் பெட்ரோலில் கலப்பதற்கே அது பெருவாரியாகச் செல்கிறது.

வடிக்கும் முறை

சர்க்கரை பிரிந்தபின் எஞ்சும் கரிய பாகே மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. ஒரு டன் கரும்பிலிருந்து இது சுமார் 45 கிலோ கிடைக்கும். பளிங்காகப் பிரியாத சர்க்கரை இதில் ஏறக்குறைய பாதியளவு உண்டு. பாகில் ஜலம் விட்டுத் தளர்த்தி, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்தால், ஒன்றிரண்டு நாட்களில் சர்க்கரை சாராயமாக மாறும். இக்கலவையில் சாராயம் நூற்றுக்கு 7 முதல் 9 பங்குதான். உயர்ந்த செப்பு அல்லது எஃகுத் தூண்களில் இதனை நீராவியால் காய்ச்சும்போது, சாராயம் முன்னதாக ஆவியாகி மேலேறிக் குளிர்ந்து, 95 சதவீதம் வரை வலுவுள்ளதாக இறங்குகிறது. பெட்ரோலில் சேர்ப்பதற்கு எஞ்சிய ஈரமும் நீக்கப்படுகிறது.

பீப்பாயில் முதிர்தல்

அமெரிக்காவில் பூர்பன் என்னும் விஸ்கி, பாதிக்குமேல் மக்காச்சோளம் கொண்ட தானியக் கலவையினின்று வடிக்கப்படுகிறது. உட்புறம் தீயிட்டுக் கரியாக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் அதனை இடவேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். நிறமும் மணமும் அம்மரத்தினின்றே வருகின்றன. பீப்பாயின் துவாரங்கள் வழியே வருஷந்தோறும் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது. கென்டக்கியில் சுமார் 4 சதவீதமான இந்நஷ்டம், பெங்களூரில் 10 சதவீதத்தையும் மிஞ்சும். ஆகவே உஷ்ண தேசத்தில் முதிர்வு விரைவு, சேதமும் அதிகம். நம் நாட்டில் விஸ்கி என விற்பனையாவதில் பெரும்பகுதி கழிவுப்பாகுச் சாராயத்தை ஆதாரமாகக் கொண்டதே.

தானிய வடிசாலையில் எஞ்சும் சக்கை புரதம் மிகுந்த மாட்டுத்தீவனமாகும். ஈரத்தில் பூசணம் பிடித்த சக்கையை மாடுகளுக்கு இடலாகாது.

பின்வாசலில் வெளிவருவது

கழிவுப்பாகு வடிசாலையிலோ எஞ்சுவது கரும்பழுப்பான கழிவுநீர். ஒரு லிட்டர் சாராயத்துக்குச் சுமார் 10 லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் ஏற்படும் கணக்கு வருமாறு:

கழிவுப்பாகு — சுமார் 1,800 கிலோ
சாராயம் — சுமார் 400 லிட்டர்
கழிவுநீர் — சுமார் 4,000 லிட்டர்
அதிலுள்ள சாம்பல் சத்து — சுமார் 40 கிலோ

இந்த 40 கிலோ, ஒரு மூட்டைக்கு மேற்பட்ட பொட்டாஷ் உரத்துக்குச் சமானம். அவ்வுரத்தை நாம் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறோம். அதே சத்தோ நம் வயலினின்று போய்க் கழிவுநீரில் கிடக்கிறது.

எனினும் சுத்திகரிக்காத கழிவுநீர் கொடியது. அது புளிப்பும் உப்பும் மிகுந்தது. வாய்க்காலில் விழுந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுமாதலால் மீன்கள் மடியும். நிலத்தில் தேங்கினால் விதை முளையாது. கிணறுகளும் நிறம் மாறும். ஆகையால் ஆலைகள் முதலில் அதனினின்று எரிவாயு எடுத்து, பின்பு பிரஸ்மட் என்னும் ஆலைச்சேற்றுடன் மக்கவைத்து எருவாக்குகின்றன. அல்லது சுண்டக் காய்ச்சி எரித்துச் சாம்பலாக்குகின்றன. இச்சாம்பலினின்று கிடைக்கும் பொட்டாஷ் 2021-ல் மத்திய அரசின் உர மானியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது.

செய்யவேண்டியவை

1. நன்கு மக்கிய ஆலை எருவை மண் பரிசோதனைக்குப் பின்னரே அளவாக இடுக.

2. சிதம்பரம் பக்கத்துக் களிமண் நிலங்களிலும், வடிகாலற்ற கடலோர உவர் நிலங்களிலும் மிகுந்த ஜாக்கிரதை தேவை.

3. இலவசமாகக் கிடைக்கிறதென்று லாரியில் வரும் கழிவுநீரை வயலில் விடவேண்டாம்.

4. வாய்க்காலோ கிணறோ நிறம் மாறினால், கிராம அதிகாரிகள் சுத்தமான புட்டியில் நீரெடுத்து, நாளும் இடமும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜில்லா அலுவலகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க.

வயலிலிருந்து போன சாம்பல் சத்து பக்குவமான எருவாக வயலுக்கே திரும்பினால், அது ஆலைக்கும் குடியானவருக்கும் பொதுவான லாபம். பக்குவமின்றித் திரும்பினாலோ நஷ்டம் முழுவதும் நிலத்துக்கே.