உரியும் பெயிண்ட், ஒட்டும் சுண்ணாம்பு

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் பழைய கடைவீடுகளுக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் ஏன் ஆகாது? செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் தரை ஈரத்தை உறிஞ்சும்; அது ஆவியாக வழி வேண்டும். பெயிண்ட் அடைத்தால், பின்னே உப்பு படிகமாகிப் படலத்தை நெம்பிவிடும். சுண்ணாம்போ கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும், துளைகள் அடைபடா.

பழைய நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பழைய காரில் கதவு ரப்பருக்கு அடியில் பார்ப்பதுபோல, வெயில் படாத மூலையில் கத்தியால் அடுக்கடுக்காகச் சுரண்ட வேண்டும். அடியில் நீலம் கிடைத்தால் எல்லா நீலமும் உதவாது: பிரஷ்ய நீலம் சுண்ணாம்பின் காரத்தில் பழுப்பாகும், அல்ட்ராமரின் தாங்கும். சுவரை நனைத்து, நிறம் கலந்த சுண்ணாம்பைப் பால்போல நீர்க்கக் கரைத்துப் பல கை பூசுங்கள். ஈரத்தில் நிறம் ஏமாற்றும், காய்ந்ததும் வெளிறும். மாதிரிச் சதுரம் பூசி, நன்றாகக் காய்ந்தபின் ஒப்பிடுங்கள்.