சாயமில்லாத வெண்மை

ஒரு பனித்துகளைத் தனியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதில் வெள்ளை என்ற நிறமே இருக்காது. ஒளி ஊடுருவிச் செல்லும் பனிக்கட்டி, அவ்வளவுதான். அந்தத் துகள்கள் கோடிகோடியாய் விழுந்து குவியும்போது, ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு திசையில் சிதறடிக்க, எல்லா நிறங்களும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாக வந்து சேர்கின்றன. இமயம் முதல் ஆல்ப்ஸ் வரை எத்தனை மலைகள்! அத்தனைக்கும் வெண்மை பூச இறைவனுக்குத் தண்ணீரும் வெளிச்சமுமே போதுமாயிருந்தன.

ஜப்பானில் உகிச்சிரோ நகாயா என்றொரு இயற்பியலாளர் இருந்தார். பனித்துகள் எப்படி உருவாகிறது என்று அறிய, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிரறையில் 1936-ல் ஒரு செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். அது வளர்ந்தது ஒரு முயலின் முடிமேல். வானம் ஓயாமல் செய்து கொட்டும் ஒன்றில் ஒரே ஒரு துகளைச் செய்து பார்க்க மனிதனுக்கு எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது!

இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த வெண்மை என் மணிக்கட்டிலேயே வந்து அமரும் என்று நினைத்ததில்லை. தோக்கியோவுக்கு வேலையாகப் போயிருந்தபோது, நண்பர் ஒருவர் வாட்ச் வாங்க கின்சா வீதிக்குக் கிளம்பினார், துணைக்குப் போனேன். விலையுயர்ந்த கடிகாரங்கள்மீது எனக்கு எந்த நாட்டமும் இருந்ததில்லை. "சும்மா கட்டிப் பாருங்க சார், கட்டிப் பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?" என்றார் நண்பர். கடைக்காரப் பெண்மணி இரண்டு கைகளாலும் ஏந்தி ஒன்றை நீட்டினார். கிராண்ட் சீகோ நிறுவனத்தின் 'ஸ்னோஃப்ளேக்', அதாவது பனித்துகள்.

கையில் கட்டியதும் முதலில் உணர்ந்தது அதன் எடையின்மை. டைட்டானியம். நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறியபோது பிறந்த உலோகம் அது; நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலும் இருக்கிறது. அடுத்து டயலைப் பார்த்தேன். காற்று தடவிப்போன புதுப்பனியின் மேற்பரப்பு, மெல்லிய மேடுபள்ளங்களோடு அப்படியே இருந்தது. இந்தக் கடிகாரம் உருவாகும் ஷியோஜிரி ஊர் நாகானோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெரியும் ஹொத்தாகா மலைத்தொடரின் பனிதான் இதற்கு முன்மாதிரி. அதன் உச்சி 3,190 மீட்டர். டயலின் வெண்மைக்கு, கடிகாரத்தைச் செய்தவர்கள் வெள்ளைச் சாயம் பூசவில்லை. நுண்ணிய மேடுபள்ளங்களின்மேல் வெள்ளி முலாம் ஏற்றியிருக்கிறார்கள்; மீதி வேலையை ஒளி பார்த்துக்கொள்கிறது. மலைமேல் நடப்பதே அந்தச் சின்ன வட்டத்திலும் நடக்கிறது.

அதன்மேல் ஒரு நீல முள். அதிலும் சாயம் கிடையாது. எஃகை முந்நூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் படியும். அந்தப் படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி தனக்குள் கலந்து நீலமாகிறது. மயிலின் கழுத்து நீலமும் இதற்கு உறவுதான். மயிலிறகில் நீலச் சாயம் ஒரு துளிகூட இல்லை. அரைத்தால் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகுக்குள் நுண்துகள்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளி நீல ஒளியை மட்டும் நம்மிடம் திருப்பியனுப்புகிறது. முருகனின் வாகனத்துக்கு அந்த நிறத்தைக் கொடுத்த விதியே இந்த முள்ளுக்கும் கொடுத்திருக்கிறது.

ஆனால் நான் மனதைப் பறிகொடுத்தது நிறத்துக்கு அல்ல, அந்த நீல முள் நகர்ந்த விதத்துக்கு. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் நொடி முள் நொடிக்கொரு தாவல் தாவும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் பொடிப்பொடியாய்த் துடிக்கும். இதில் தாவலும் இல்லை, துடிப்பும் இல்லை, டிக் டிக் ஓசையும் இல்லை. முள் வழுக்கிக்கொண்டே போகிறது. சூரியன் தாவித் தாவியா மேற்கே போகிறது? நிழல் விட்டுவிட்டா நீள்கிறது? காலத்தை அது இருக்கிறபடியே முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. நண்பர் பணம் கட்டி முடித்து வந்து தோளைத் தொடும்வரை கண்ணை எடுக்கவில்லை.

இதை 1977-ல் மனதில் கண்டவர் யோஷிகாசு அகாஹானே என்ற இளம் பொறியாளர். சுருள்வில்லின் விசையில் ஓடி, குவார்ட்ஸின் துல்லியத்தில் நேரம் காட்டும் ஒரு கடிகாரம் வேண்டும் என்பது அவர் கனவு. அறுநூறுக்கும் மேற்பட்ட முன்மாதிரிகள் செய்தார்கள். 'ஸ்பிரிங் டிரைவ்' என்ற பெயரில் 1999-ல்தான் அது கடைக்கு வந்தது. 'ஸ்னோஃப்ளேக்' அதற்குப் பின் வந்தது. இதில் பேட்டரி கிடையாது. நம் கை அசைவில் சுருள்வில் முறுக்கேறுகிறது. அது அவிழும் விசையில் ஒரு சிறு சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்று சுற்றி, இம்மியளவு மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்கிறது. நொடிக்குச் சரியாக 32,768 அதிர்வுகள். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. சக்கரம் முந்தினால் காந்தவிசை அதை இழுத்துப் பிடிக்கிறது, இறக்கத்தில் சைக்கிள் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுபோல. இவ்வளவையும் மேற்பார்க்கும் மின்சுற்றுக்கு வேண்டிய சக்தி ஒரு வாட்டில் நான்கு கோடியில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு ஒரு நொடிக்கு மேல் பிசகுவதில்லை.

குவார்ட்ஸ் என்பது வேறெதுவும் இல்லை, ஸ்படிகம். இராமேஸ்வரத்தில் விடியற்காலையில் நாம் தரிசிக்கும் ஸ்படிக லிங்கத்தின் கல்லும் இதே கனிமம்தான். மின்சாரம் கொடுத்தால் அது நடுங்கும், அழுத்தினால் மின்சாரம் தரும். அழுத்தினால் தரும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தார்கள். கண்டறிந்தார்கள், அவ்வளவே. அந்த அதிர்வை அதற்குள் வைத்தது யாரோ, அவன் கைவேலைக்கு முன்னால்தான் அன்று நான் நின்றேன். அகாஹானேயின் உழைப்பை வணங்குகிறேன். இருந்ததை உணர்ந்து, அதற்கு வழிவிட்ட உழைப்பு அது.

விலை சில லட்சங்கள். நான் வாங்கவில்லை, வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தக் கடிகாரம் இருக்கும் கடை எதையாவது கடக்க நேர்ந்தால் உள்ளே போய்க் கேட்டுக் கட்டிப் பாருங்கள். கடை விளக்குக்குக் கீழே நிற்காமல் ஜன்னலோரம் போங்கள், நீல முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை பேசாமல் பாருங்கள்.