கடற்காற்றும் தட்டைத்திரைத் தொலைக்காட்சியும்

விலை உயர்ந்த தட்டைத்திரைத் தொலைக்காட்சியை வாங்கலாமா என்பதைக் கடையில் ஓடும் பளபளப்பான படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. படம் எல்லாப் பெட்டியிலும் முதல் நாளில் நன்றாகவே இருக்கும். பழுது பெரும்பாலும் தொடங்குவது திரைக்குப் பின்னாலுள்ள விளக்கிலும், மின்வழங்கிப் பலகையிலும், கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய இணைப்பு நாடாக்களிலும்தான்.

திரவப் படிகத் திரைக்குச் சொந்த ஒளி இல்லை. அதன் பின்னால் எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டுத் தொடர்பு அறுந்தால் அந்த வரிசையே அணையும். பல மாடல்களில் பாதுகாப்புச் சுற்று மற்ற வரிசைகளையும் நிறுத்திவிடும். அப்போது சத்தம் கேட்கும், திரை இருண்டிருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். மிக மெல்லிய மாடல்களில் எல்.ஈ.டி.கள் விளிம்பில் மட்டும் நெருக்கமாக இருப்பதால் வெப்பம் அங்கேயே குவிகிறது. கனடாவின் ரிட்டிங்ஸ் நிறுவனம் 2022இல் தொடங்கிய, 100 தொலைக்காட்சிகள் பற்றிய நீண்டகாலச் சோதனையில், இத்தகைய விளிம்பொளி மாடல்களில் ஒளியைப் பரப்பும் தகடுகள் வளைவதும் வெடிப்பதும் தெரியவந்தது. ஆகவே மெலிவுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சற்றுத் தடித்த, முழுப் பின்புறத்திலும் விளக்குள்ள பெட்டியே மேல்.

ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்விளக்குத் தொல்லை இல்லை. ஆனால் அப்புள்ளிகளில் ஒளிரும் கரிமப் பொருள் பாவனையில் தேய்கிறது. செய்தி அலைவரிசையின் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால் அவற்றின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியலாம். செய்தி ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு ஓலெட் பொருந்தாது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இதோடு உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டியதும் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்தும் படலமாக மாறிவிடும். வாடைக்காற்றோடு மழை வரும் மாதங்களில் உப்புவெளி, நிலாவெளி, மூதூர் கரையோர வீடுகளில் இந்த ஈரப்பதன் சர்வசாதாரணம். செப்புத் தடங்கள் பச்சை பூக்கும்; இணைப்பு நாடா அரித்தால் திரையில் செங்குத்துக் கோடுகள் தோன்றும். அதைச் சீராக்கத் தனிக் கருவிகள் வேண்டும். பெரும்பாலும் திரையையே மாற்றச் சொல்வார்கள். கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே பெட்டியை வைக்கக் கூடாது.

கச்சான் வீசும் மாதங்களில் வெயில் 35 பாகை செல்சியஸை எட்டும். மின்வழங்கிப் பலகையிலுள்ள மின்பகுளிக் கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்றோட்டம் இருக்க வேண்டும். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக உச்சத்தில் வைத்திருக்கும் வெளிச்சத்தை வீட்டில் குறைத்தால் எல்.ஈ.டி.யும் குளிர்ந்திருக்கும்.

இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரமாயிற்று. இருளைவிட, மின்சாரம் திரும்பும் நொடியில் எகிறும் அழுத்தமே பெட்டிக்கு ஆபத்து. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் இடிமின்னல் அன்ரனா வயர், டிஷ் வயர் வழியாகவும் நுழையும். மின்னெழுச்சித் தடுப்பான் பயன்தர வேண்டுமானால் வீட்டின் நிலத்தொடுப்பு சரியாக இருக்க வேண்டும். இடி முழங்கு முன்பே செருகியையும் அந்த வயர்களையும் கழற்றி வைப்பதுதான் நிச்சயமான காப்பு.

மின்னல், மின்னழுத்த மாற்றம், துரு ஆகியவற்றால் வரும் சேதத்தை உத்தரவாத அட்டைகள் பொதுவாக ஏற்பதில்லை. இக்கரையில் பெட்டியைக் கெடுப்பவை பெரும்பாலும் இவையே. எனவே பணம் கட்டுமுன் அட்டையைப் படித்து, திரைக்குத் தனியாக எத்தனை ஆண்டு, திருத்துநர் வீட்டுக்கு வருவாரா, அல்லது ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குப் பெட்டியை அனுப்ப வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதற்குத் தெளிவான பதில் தராத கடையில், எவ்வளவு நல்ல பெட்டியானாலும் வாங்காமல் விடுவதே சரி.