மேட்டில் ஏறினால்தான் வகுப்பு

"ராத்திரியில தூக்கமில்ல, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல." மனச்சோர்வு ஜவ்வாது மலையில் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். மருந்துச் சீட்டில் சத்து மாத்திரை ஏறும். அல்லது காத்து கருப்பு என்று பூசாரியிடம் போகும்.

2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். ஆளை இழந்த அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசக்கூடியவர் யார்? மனநல மருத்துவர் அல்ல. ஊர்க்காரரான ஆஷா சுகாதாரப் பணியாளர். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான சிக்கல் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இதற்கு நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் குறைத்ததை 2017-ல் லான்செட் இதழ் வெளியிட்டது.

பயிற்சியை எப்படி மலையேற்றுவது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2018-ல் டிஜிட்டல் அகாடமி தொடங்கியது. அங்கே 'எக்கோ' முறையும் உண்டு: களப்பணியாளர் வீடியோவில் தன் நோயாளியின் கதையைச் சொல்வார், நிபுணரும் மற்ற ஊர்க் களப்பணியாளர்களும் சேர்ந்து அலசுவார்கள். என் கணிப்பில் பயிற்சியின் உயிர்நாடி இந்த அலசல்தான். பதிவு செய்த பாடம் துணைக்கு மட்டும். மத்தியப் பிரதேசத்தில் சங்காத் என்ற தொண்டு அமைப்பு செய்த ஆய்வும் நேரடி வகுப்பு, செல்போன் பாடம், ஆள் துணையோடு செல்போன் பாடம் என்று மூன்றாகப் பிரித்தே சோதித்தது.

மலையில் சிக்னலுக்கு மேடு தேடி ஏற வேண்டிய ஊர்கள் உண்டு. பாடங்களை, சிக்னல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு வரும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அலசலை அப்படி இறக்கி வைக்க முடியாது.

அலசல் ஏன் வேண்டும்? மனச்சோர்வை அளக்கும் வினாத்தாளில் 9 கேள்விகள். "கடந்த 2 வாரங்களாக" என்பதை "அமாவாசையிலிருந்து" என்று ஆஷாவே மாற்றிக் கேட்டுவிடுவார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பது. அதைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பது, 'ஆமா' என்று பதில் வந்தால் அந்த ராத்திரி யாரைக் கூப்பிடுவது? 24 மணி நேரமும் எடுக்கும் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. அதற்கும் மேட்டில்தான் ஏற வேண்டும்.