சுமேலா மடத்தின் திருப்பொருள்கள்

1923-ஆம் ஆண்டு லோசானில் முடிவான மக்கள் மாற்ற உடன்படிக்கையினால், ஏறத்தாழ 12 இலட்சம் ஆர்த்தடாக்சு கிறித்தவர் துருக்கியைத் துறந்து கிரேக்க நாட்டிற்குரியோராயினர். மொழியன்று, சமயமே அளவுகோல்; துருக்கி மொழியன்றி வேறறியாதோரும் பெயர வேண்டியதாயிற்று.

டிராப்சோனுக்குத் தெற்கே செங்குத்துப் பாறையில் அமைந்த சுமேலா மடத்தின் துறவிகள் வெளியேறுமுன் மூன்று பொருள்களைப் பரிசுத்த பார்பரா சிற்றாலயத்தில் புதைத்தனர்: லூக்கா தீட்டியதென மரபு கூறும் மரியாளின் திருவுருவம், சுவிசேஷக் கையெழுத்துப் பிரதி, பேரரசர் மூன்றாம் மனுவேல் அளித்த சிலுவை. மக்கள் அவையின்றியே சென்றனர். பின்னர் கிரேக்கப் பிரதமர் வெனிசெலோசு துருக்கிப் பிரதமர் இசுமெத்திடம் வேண்ட, 1931-இல் அம்புரோசியோசு என்னும் துறவி அவற்றைத் தோண்டியெடுத்து வந்தார்.

ஏதென்சு அருங்காட்சியகத்தில் திருவுருவம் பாதுகாப்பாகவே இருந்தது. எனினும் அகதிகள் அமைதியுறவில்லை. வெர்மியோன் மலையில் கஸ்தானியா என்னுமிடத்தில் புதிய சுமேலாவை எழுப்பி, 1950-களின் தொடக்கத்தில் அதனை அங்கே நிறுவினர். ஆகஸ்டு 15-இல் அங்குத் திரளாகக் கூடுகின்றனர். உருவ வழிபாடென்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆயின் காட்சிப்பொருளுக்கும் ஆராதனைப் பொருளுக்கும் அவர்கள் கண்ட வேறுபாடு எஸ்றாவின் முதலதிகாரத்திலும் உண்டு. நேபுகாத்நேச்சாரின் தேவன் கோவிலில் வெற்றிச் சின்னங்களாகக் கிடந்த பணிமுட்டுகள் எண்ணப்பட்டுச் சேஸ்பாத்சாரிடம் ஒப்புவிக்கப்படுகின்றன. உடன்படிக்கைப் பெட்டி அப்பட்டியலில் இல்லை. அஃதின்றியே பலிபீடம் எழுந்தது.

யூதர் தம் நகருக்கே மீண்டனர். பொந்து நாட்டாருக்கு அது வாய்க்கவில்லை. 2010 ஆகஸ்டு 15-இல், துருக்கி அரசின் அனுமதியோடு, பழைய மடத்தில் பேராயர் பர்த்தலோமேயு திருவிருந்து ஆராதனை நடத்தியபோது, கிரேக்கத்திலிருந்து சென்றோர் பயணிகளாகவே சென்று திரும்பினர்.