வகுப்பு இருக்கிறது, வேலை இல்லை
தாராவி முதல் செம்பூர் வரை – 17

2024 ஜூன் 28 அன்று, செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் வந்தது. ஒப்பந்தம் ஜூன் 30-ஓடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்றது கடிதம். அவர்களில் 55 பேர் ஆசிரியர்கள். மும்பையோடு துல்ஜாபூர், ஹைதராபாத், குவாஹாத்தி வளாகங்களிலும் இருந்தவர்கள். பத்தாண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர்களும் உண்டு. சம்பளத்துக்கான பணம் டாடா கல்வி அறக்கட்டளையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது உறுதியாகாததுதான் காரணம். எதிர்ப்பு கிளம்பியது, அறக்கட்டளை பணம் தர ஒப்புக்கொண்டது, இரண்டே நாளில் கடிதம் வாபஸ் ஆனது.

வாபஸ் ஆனதோடு செய்தி நின்றுவிட்டது. ஆனால் பத்து வருடம் ஒருவர் பாடம் நடத்தியிருக்கிறார் என்றால் அந்த வேலை பத்து வருடமாக அங்கே இருந்திருக்கிறது. அதற்கு ஒரு நிரந்தரப் பணியிடம் மட்டும் ஏன் உருவாகவில்லை?

மகாராஷ்டிரக் கல்லூரிகளில் இதற்கு ஒரு பெயரே உண்டு: சி.எச்.பி. மணிக்கணக்கில் கூலி. காலியான பணியிடத்தை நிரப்பாமல், அந்த வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கல்லூரியில் இத்தனை மணிதான் என்று உச்சவரம்பு இருப்பதால் ஒரே இடத்தில் முழு வருமானம் கிடைக்காது.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் வளர்ந்த ஓர் இளைஞரை மாட்டுங்காவில் சந்தித்தேன். வேதியியலில் முனைவர். காலையில் அங்கே ஒரு கல்லூரி, மதியம் செம்பூர்ப் பக்கம் இன்னொன்று. கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலாவில் ரயில் மாறிப் போகவேண்டும். பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தேதி, வகுப்பு, நடத்திய பாடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசிக் கட்டத்தில் துறைத்தலைவர் கையெழுத்து. சில கட்டங்கள் காலியாக இருந்தன.

“அன்னிக்கு அவர் லீவு சார். திரும்ப வந்ததும் நினைவுபடுத்திக் கையெழுத்து வாங்கணும். இல்லேன்னா அந்த மணி நேரம் கணக்குல வராது.”

விடைத்தாள் திருத்துவதும், ஆய்வகத்தில் கரைசல் தயாரித்து வைப்பதும் அந்தக் கட்டங்களுக்குள் வருவதில்லை. பணமும் மாதாமாதம் வராது. நாலைந்து மாதத்துக்குச் சேர்த்து வரும். மே மாதம் வகுப்பு இல்லை, காசும் இல்லை. அப்போது டியூஷன்தான்.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. இவர் கைக்கு வருவது அதற்கு வெகு கீழே. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலும் கௌரவ விரிவுரையாளர்கள் இதே தொகையைக் கேட்டு நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

இவர் ஆய்வுக்குப் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. 2021 ஜூலை முதல் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று மானியக் குழு 2018-ல் விதி போட்டது. பிறகு அதை 2023-க்குத் தள்ளிவைத்தது. 2023 வந்ததும் கட்டாயம் இல்லை, நெட் என்ற தகுதித் தேர்வில் தேறினாலே போதும் என்று மாற்றிவிட்டது. முதுகலை முடித்த கையோடு வேலைக்குப் போகாதவர்களுக்குத் தெரியும் இடைப்பட்ட அந்த வருடங்களின் விலை. நெட் மட்டும் முடித்தவருக்கு வழி திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. விதியை நம்பி ஐந்தாறு வருடம் கொடுத்தவருக்கு யாரும் பதில் சொல்லாததுதான் வருத்தம்.

2019-ல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,607 பேர் விண்ணப்பித்தார்கள், எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் அதில் இருந்தார்கள். இந்த மாதிரிச் செய்தி வந்தால் அளவுக்கு மீறிப் படித்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பிக்கிறோம். அப்படிப் பேசுவது தவறு. இவருடைய வகுப்பில் பிள்ளைகள் நிறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தாராவிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அவருடைய அம்மா இட்லி அவித்து விற்றுப் படிக்கவைத்தவர். “இன்னும் எத்தன வருசத்துக்கு அண்ணாச்சி இவன் டெம்பரவரியாவே இருக்கணும்?” என்று கேட்டார். ஒவ்வொரு ஜூனிலும் மகன் அதே கல்லூரிக்குப் புதிதாக விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் கோப்போடு நேர்காணலுக்குப் போகிறார். போன வருடம் வரை தன்னோடு சேர்ந்து வினாத்தாள் தயாரித்தவர்களிடமே, தான் இந்தப் பாடத்தை நடத்தத் தகுதியானவர் என்று மறுபடி நிரூபித்தாக வேண்டும்.

(தொடரும்)