வீட்டுக்கல்வியும் வீண் சந்தேகங்களும்



காலையில் பள்ளி வாகனம் தெருவில் வந்து நிற்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் ஏறவில்லை. அவிநாசி போன்ற ஊரில் இவ்வளவு போதும், பேச்சு எழுந்துவிடும். "கட்டணம் கட்ட வழியில்லை", "பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்பார்கள். முஸ்லிம் குடும்பமாயின், "மார்க்கத்தின் பெயரால் படிப்பைத் தடுக்கிறார்கள்" என்ற பழியும் சேரும். கேட்ட செய்தியை விசாரித்தறியவும், வீண் சந்தேகங்களைத் தவிர்க்கவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. எனவே இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

'வீட்டில் கற்பது கல்வியாகுமா?' என்பது முதல் ஐயம். இஸ்லாத்தின் தொடக்கக் கல்விக்கூடமே மக்காவில் அர்கம் (ரலி) அவர்களின் இல்லம்தான். மதீனாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கற்ற அவர்களுடைய சகோதரியின் மகன் உர்வா (ரஹ்) அவர்கள், அந்நகரின் பேரறிஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்கள்.

'எதிர்காலம் பாழாகும்' என்பது இரண்டாவது. மும்பையைச் சேர்ந்த மாளவிகா ஜோஷி ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு வீட்டில் கற்றார். சர்வதேசக் கணினி ஒலிம்பியாட் போட்டிகளில் மூன்று பதக்கங்கள் வென்று, 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இங்குள்ள ஐ.ஐ.டி.களில் அவர் சேர இயலவில்லை. ஆகவே அறிவோடு சான்றிதழும் தேவை. அதற்கு 1989இல் மத்திய அரசு நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனத்தின் தேர்வுகள் உள்ளன.

'சட்டவிரோதம்' என்பது மூன்றாவது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் வகுக்கவில்லை. வீட்டுக்கல்விக்கெனத் தனி விதியும் அதில் இல்லை. எனவே குற்றவாளி என்று தூற்றுவதும் தவறு. சட்டம் முழு அனுமதி தந்துவிட்டது என்று கூறுவதும் தவறு.

'பிறரோடு பழகத் தெரியாது' என்பது நான்காவது. பள்ளிவாசலுக்கும், கடைத்தெருவுக்கும், உறவினர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்லப்படும் பிள்ளை எல்லா வயதினரோடும் பழகும். கதவடைத்து வைத்தால் மட்டுமே அந்த அச்சம் மெய்யாகும்.

அன்பர்களே! இனிக் கூறுவது கசப்பாக இருக்கலாம். பருவமடைந்த மகளின் படிப்பை நிறுத்திவிட்டு, பனியன் கம்பெனி நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்து, அதற்கு 'வீட்டுக்கல்வி' என்று பெயரிடுவது பொய்யாகும். 14 வயது நிறைவடையாதவரைக் கூலி வேலைக்கு அமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. மார்க்கமோ, பிள்ளைகளைக் குறித்து மறுமையில் நம்மிடம் விசாரணை உண்டு என்று எச்சரிக்கிறது. கற்பிப்பவர் யார்? நாள்தோறும் எவ்வளவு நேரம்? எந்தத் தேர்வை நோக்கி? இம்மூன்றுக்கும் விடையில்லாத வீட்டில் நடப்பது கல்வியன்று, இடைநிற்றலே.

நேர்மையாகக் கற்பிக்கும் பெற்றோர் மீது பழி விழுவதற்கு இத்தகைய வீடுகளும் ஒரு காரணம். ஆதலால் மஹல்லாவாசிகள் புறம் பேசாமல், அவ்வீட்டின் கதவைத் தட்டி அன்புடன் விசாரிக்க வேண்டும். கற்பிக்கும் குடும்பமாயின் துணை நிற்போம். வறுமையால் நிறுத்தியிருந்தால், ஜமாஅத் பொறுப்பேற்று அப்பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாத்து, நம் சந்ததியரைக் கல்வியால் மேன்மைப்படுத்துவானாக! ஆமீன்.